ஒரு நாள்தான் இருக்கிறது: லிட்ச்ஃபீல்டா, காக்கடுவா?

ஆஸ்திரேலியாவின் வடக்கே டார்வினில் இறங்கி, கூடாரமும் வண்டியும் வாடகைக்கு எடுத்ததும் எல்லோரும் கேட்பது இதைத்தான். அருவியும் வேண்டும், விலங்கும் பறவையும் பார்க்க வேண்டும், எங்கே போவது? இரண்டு தேசியப் பூங்காக்களிலும் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறேன். குளிக்க லிட்ச்ஃபீல்டு, பார்க்கக் காக்கடு என்பதே என் பதில். அங்கே உயிரினங்கள் கூடும் தண்ணீர் நாம் இறங்கக்கூடிய தண்ணீர் அல்ல.

முதலில் தூரம். லிட்ச்ஃபீல்டு டார்வினிலிருந்து 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முக்கிய அருவிகள் வரை தார்ச்சாலை, சாதாரணக் காரே போதும். காக்கடுவில் இருக்கும் ஜபிரு ஊருக்கே ஏறக்குறைய 250 கிலோமீட்டர். பூங்காவின் பரப்பு மட்டும் கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று கிளம்பினால் பார்த்ததைவிட வண்டி ஓட்டியதுதான் அதிகமாக இருக்கும்.

அருவி என்று வந்தால் லிட்ச்ஃபீல்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்குள்ள மணற்கல் மேட்டுநிலம் மழைக்காலத்தில் குடித்த நீரை மெல்ல மெல்ல ஊற்றாகக் கசியவிடுகிறது. அதனால் மாதக்கணக்கில் ஒரு சொட்டு மழை இல்லாத செப்டம்பரிலும் அருவி விழுகிறது. ஃப்ளாரன்ஸ் அருவிக்குப் படிகளில் இறங்கிப் போக வேண்டும். இரட்டையாக விழும் தண்ணீருக்குக் கீழே தெளிந்த குளம், கால் விரலை உரசிப் போகும் மீன்கள். பூலியில் ஓடை ஒரு பாறைத் தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு வழிந்துகொண்டே போகும், பிள்ளைகள் வெளியே வர மாட்டார்கள். டோல்மர் அருவியில் குளிக்கத் தடை. அருகிவரும் வௌவால்கள் அங்குள்ள குகைகளில் வாழ்வதால், மேலிருந்து பார்ப்பதோடு சரி. பெரிய குளம் வாங்கை அருவியில். மழைக்காலத்தில் நீரின் இழுப்பும் உவர்நீர் முதலையும் வந்துவிடும் என்பதால் அதை மூடிவிடுவார்கள். பலகையில் மூடல் என்று இருந்தால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள்.

காக்கடுவின் ஜிம் ஜிம் அருவி உயரத்தில் இவை எல்லாவற்றையும் விஞ்சும். ஏறக்குறைய 150 மீட்டர் செங்குத்தான செம்பாறை. ஆனால் அது முழு வேகத்தில் கொட்டும் மழைக்காலத்தில் சாலை நீருக்குள் இருக்கும், வானிலிருந்துதான் பார்க்கலாம். சாலை திறந்த பிறகு வாரம் போகப் போக அருவி மெலியும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கடைசிப் பத்து கிலோமீட்டர் குலுங்கி, பெரும் பாறைகள் மேல் ஏறி இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்து நாங்கள் போனது செப்டம்பரில். பாறையில் தண்ணீர் வழிந்த கறுப்புத் தடம் மட்டும்தான் இருந்தது. அந்தச் சுவரின் அடியில் நின்றதே பெரிதுதான், ஆனாலும் அருவியை நம்பிப் போனவர்களுக்கு மனசு ஆறவில்லை.

அதே வறட்சிதான் விலங்கு பார்ப்பவருக்கு வரம். காக்கடுவின் மண்ணுக்குரிய பினிஞ், முங்குய் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் வெயில் கொளுத்தும் குர்ருங் பருவத்தில் சதுப்புகள் வற்றி, மிஞ்சிய நீரில் உயிரினங்கள் எல்லாம் கூடும். காக்கடுவுக்குள் கூயிண்டாவில் உள்ள மஞ்சள்நீர் பில்லபாங்கில் (ஆற்றை ஒட்டித் தேங்கி நிற்கும் நீர்நிலை) விடியற்காலை முதல் படகில் ஏறுங்கள். நீர்மேல் புகைபோல ஆவி எழும்பும்போது மேக்பை வாத்துகளின் இரைச்சல் கேட்கும். எங்கள் படகுக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு இலைக்கோழி, தன் உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீண்ட விரல்களை விரித்து அல்லி இலைமேல் நடந்தது. குஞ்சுகளை வளர்ப்பது ஆண் பறவைதான். அப்புறம் கரைச்சேற்றில் வாய் திறந்து கிடந்த உவர்நீர் முதலை. தோலுக்காகச் சுட்டுத் தீர்த்து, அருகிப்போன பிறகு 1971இல்தான் இந்தப் பகுதியில் அதற்குப் பாதுகாப்புக் கிடைத்தது. இன்று நீர்நிலைகளில் அதுதான் ராஜா. அதனால் கூடாரத்தை நீரோரத்திலிருந்து 50 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். மீன் கழுவிய தண்ணீரை அங்கே கொட்டாதீர்கள்.

லிட்ச்ஃபீல்டில் உயிரினமே இல்லை என்று சொல்லவில்லை. வாங்கையில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகத் தொங்கும், உடும்பு குறுக்கே போகும், மாலையில் கூடாரத்தருகே சிறு கங்காருபோன்ற வாலபி மேயும். நான் அதிக நேரம் நின்றது கறையான் புற்றுகள் முன்னால். ஆளுயரத்துக்கு, கல்லறைப் பலகைபோலத் தட்டையாக, எல்லாமே வடக்கு தெற்காக நிற்கும். காலை, மாலை வெயில் அகன்ற பக்கத்தில் படும், உச்சி வெயில் மெல்லிய விளிம்பில் மட்டும் விழும். உள்ளே சூடு மாறாமல் இருக்க அவை கண்டுபிடித்த வழி.

சிறு பிள்ளைகளோடு, சாதாரணக் காரில், ஒரே நாள் என்றால் யோசிக்காமல் லிட்ச்ஃபீல்டு. காலையில் பூலி, வெயில் ஏறியதும் ஃப்ளாரன்ஸ், சாயங்காலம் புற்றுகள். பறவைப் பைத்தியம் உள்ளவர்கள் முந்தைய நாளே கூயிண்டாவுக்குப் போய், கொசுவத்தி ஏற்றி, சீக்கிரம் படுத்துவிடுங்கள். படகு முடிந்த பிறகு வெயிலில் ஜிம் ஜிம்முக்கு ஓடாமல், புர்ருங்குய் பாறை ஓவியங்களுக்குப் போங்கள். மே, ஜூனில் போகிறீர்கள், ஜிம் ஜிம் சாலையும் திறந்துவிட்டது என்றால் மட்டும் இந்தக் கணக்கை மாற்றலாம். அப்போது இன்னொரு நாளைக் கட்டாயம் ஒதுக்குங்கள்.