நிலையான தாய்சேய் நல மையமா, நடமாடும் மருத்துவ ஊர்தியா?

வறியோர் குடியிருப்புகளில் வாழும் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் நன்கொடைப் பணத்தில் மருத்துவ உதவி அளிக்க விரும்பும் அறக்கட்டளைகள், பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நான் அங்கம் வகிக்கும் சிறிய அறக்கட்டளை, நீண்ட விவாதத்துக்குப் பின் நிலையான மையத்தைத் தேர்ந்தது. அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.

ஊர்தி தாயைத் தேடிப் போகும், மையத்துக்குத் தாய் வர வேண்டும். ஊர்தியை விரைவில் தொடங்கிவிடலாம், மையத்துக்கு இடமும் கட்டடமும் தேவை. இவற்றை எல்லோரும் அறிவார்கள். எங்கள் முடிவைத் தீர்மானித்ததோ மாதந்தோறும் வரும் நடப்புச் செலவு.

கட்டடத்துக்கும் வண்டிக்கும் பணம் தர மனம் உள்ளவர்கள் கிடைப்பார்கள். செவிலியரின் ஊதியத்துக்குத் தருபவர்கள் அரிது. ஊர்தியில் அந்த ஊதியத்தோடு எரிபொருளும் ஓட்டுநர் சம்பளமும் டயரும் பழுதுபார்ப்பும் போட்டியிடுகின்றன. நிதி குறையும் மாதத்தில் வண்டி ஓடும் நாள்களே முதலில் குறைகின்றன. வண்டி பழுதானாலோ சேவை முழுவதும் நின்றுவிடுகிறது. தாய்சேய் மருத்துவத்தில் இந்த இடைவெளி சிறிய குறையன்று. கருவுற்ற தாய்க்குக் குறைந்தது 8 முறை பரிசோதனை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. 20-ஆம் வாரத்துக்குப் பின் ஏறக்கூடிய இரத்த அழுத்தத்தை, அடுத்த சுற்றுவரை காத்திராமல் உடனே கண்டறிய வேண்டும். மேற்புயச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்கும் குறைந்து, கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டில் இருக்கும் குழந்தையை வாரந்தோறும் எடைபோட்டுப் பார்ப்பதே நல்லது. மையத்திலும் பணத் தட்டுப்பாடு வரும். ஆனால் அப்போதும் செவிலியர் ஒருவரை மட்டுமாவது தக்கவைத்துக்கொண்டால் கதவு திறந்திருக்கும், வராத தாயின் வீட்டுக்கு அவர் நடந்தே போய்வரவும் முடியும்.

இதனால்தான் இரண்டாவது பரிசோதனை அறையைத் தள்ளிவைத்துவிட்டு, செவிலியர் தங்குவதற்கான அறையை முதலில் கட்டினோம். பேற்றுக்குப் பின் ஏற்படும் இரத்தப்போக்கு இரவு பகல் பார்ப்பதில்லை. அதைக் கட்டுப்படுத்தும் ஆக்சிடோசினையும் பெரும்பாலான தடுப்பூசிகளையும் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும்; ஊர்தியின் பனிக்கட்டிப் பெட்டியைவிட நிலையான குளிர்பதனப் பெட்டியில் இது எளிது. அறுவைசிகிச்சையும் இரத்தமேற்றலும் இரண்டு ஏற்பாட்டிலும் இயலாதவை என்பதால், பெரிய மருத்துவமனைக்கு உடனே அனுப்பும் வசதியை எதைத் தேர்ந்தாலும் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும்.

நாங்கள் பணியாற்றுவது நெருக்கமான குடியிருப்பில். சிதறிக்கிடக்கும் சிற்றூர்களிலும் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் மக்களிடையிலும் ஊர்தியே பொருத்தமாக இருக்கலாம். அத்தகைய இடங்களில் எங்களுக்கு அனுபவம் இல்லாததால், அங்கும் மையமே மேல் என்று வாதிட மாட்டேன். மையத்தைத் தேர்பவர்களுக்கு ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன்: கட்டட நன்கொடையை ஏற்பதற்கு முன்பே, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கான செவிலியர் ஊதியத்துக்கு எழுத்து மூலமான உறுதியைப் பெற்றுவிடுங்கள்.