ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டா, ஓப்பன் ஃபேஸா? வேலூர் வெயிலில் எதை வாங்குவது?

சித்திரையில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது மோவாய் வரை மூடும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டோடு கிரீன் சர்க்கிள் சந்திப்பில் சிக்கி நிற்பது கொடுமைதான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கும், துடைக்கவும் வழியிருக்காது. முகம் திறந்திருக்கும் ஓப்பன் ஃபேஸில் இந்தத் தொல்லை குறைவு. காற்று வரும், எடையும் பெரும்பாலும் குறைவு, கழற்றாமலேயே பூக்காரம்மாவிடம் பேரம் பேசலாம்.

சரி, விழுந்தால்? வண்டி வழுக்கி முன்பக்கமாகச் சாய்ந்தால் மோவாய் தரையில் மோதுவது சாதாரணம். ஃபுல் ஃபேஸில் வாய்க்கு முன்னால் வளைந்து வரும் அந்தக் கெட்டியான பாகம் அதற்காகவே இருக்கிறது. ஓப்பன் ஃபேஸில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஹெல்மெட்டில் முன்கண்ணாடி இருந்தாலும் அது தூசியைத் தடுக்கும், தார் ரோட்டைத் தடுக்காது.

ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்களுக்கு ஃபுல் ஃபேஸ்தான், இதில் மறுபேச்சே இல்லை. ஊருக்குள், சத்துவாச்சாரிக்குள்ளேயே ஸ்கூட்டரில் சுற்றுகிறவர் ஓப்பன் ஃபேஸ் எடுத்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன். போலீஸுக்காக மாட்டும் பிளாஸ்டிக் சட்டி மட்டும் வேண்டாம்.

எதுவானாலும் ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 4151-ம் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். உள்ளே கெட்டியான தெர்மாகோல் அடுக்கு இருக்க வேண்டும். அடிபடும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதுதான். அப்புறம், கடையிலேயே தலையில் போட்டு மோவாய்ப் பட்டையை மாட்டி, ஹெல்மெட்டின் பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளுங்கள். கழன்று வந்தால் ஒரு சைஸ் சின்னதாகக் கேளுங்கள்.