கடலிலேயே ஹைட்ரஜனா, கரைக்கு மின்சாரமா?

கடல் காற்றாலைகளைக் கொண்டு பசுமை ஹைட்ரஜன் தயாரிக்க இரண்டு வழிகள் உண்டு. மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவியான எலக்ட்ரோலைசரைக் கடல் மேடையில் நிறுவி, ஹைட்ரஜனைக் குழாய் வழியே கரைக்கு அனுப்பலாம். அல்லது மின்சாரத்தைக் கேபிளில் கரைக்குக் கொண்டுவந்து அங்கே நீரைப் பிரிக்கலாம். திட்ட வரைவு ஒன்றுக்காக இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது நான் கரையையே பரிந்துரைத்தேன். இன்றும் என் கருத்து அதுவே.

தண்ணீர் ஒரு பொருட்டே அன்று. ஒரு கன மீட்டர் கடல்நீரைக் குடிநீராக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போதும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கோ 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும், அதற்குத் தேவையான தூய நீர் ஏறத்தாழ 10 லிட்டர்தான்.

முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. எலக்ட்ரோலைசரின் மையப் பகுதியான, சவ்வுகளும் மின்முனைத் தகடுகளும் அடுக்கி இறுக்கப்பட்ட ஸ்டாக், காற்றாலையின் ஆயுளுக்குள் ஒரு முறையாவது மாற்றப்பட வேண்டியது. அதற்கிடையே வடிகட்டிகள், அயனி நீக்கும் பிசின், கசிவு உணரிகள், பம்புகள் என ஒவ்வொன்றும் ஆள் கேட்கும். கரையில் ஒரு பம்பின் சீல் கசிந்தால், கிடங்கில் உதிரி இருக்கும் பட்சத்தில் அன்றே மாற்றிவிடலாம். கடலிலோ, சிறு பணிப்படகிலிருந்து மேடைக்கு ஏறுவதற்கு அலை உயரம் பொதுவாக ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. காற்று பலமாக வீசும் பருவமே அலை எழும் பருவமும் என்பதால், உற்பத்தி உச்சத்தில் இருக்க வேண்டிய வாரங்களில்தான் பழுது பார்க்கும் வழி அடைபடுகிறது. ஹெலிகாப்டரில் ஆளை இறக்கலாம். ஆனால் ஸ்டாக்கை மாற்றப் பாரந்தூக்கிக் கப்பல் வந்தாக வேண்டும். கரையில் இருந்தால் மின்சார விலை உயரும் நேரத்தில் ஹைட்ரஜனை நிறுத்திவிட்டு மின்சாரத்தை விற்கவும் முடியும்.

தொலைவு கூடும்போது கணக்கு மாறுகிறது. சுமார் 100 கிலோமீட்டரைத் தாண்டினால் மாறுதிசை மின்சாரம் பெரும்பாலும் ஒத்துவராது. நேர்திசை மின்சாரக் கேபிளும், இரு முனைகளிலும் ஒருவகை மின்சாரத்தை மற்றதாக மாற்றும் நிலையங்களும் தேவைப்படும். வட கடலில் இப்போது திட்டமிடப்படும் 525 கிலோவோல்ட் இணைப்பு ஒன்று 2 கிகாவாட் சுமக்கிறது. பெரிய குழாய் ஒன்று அதைப் போலப் பல மடங்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும், ஓரளவு சேமித்தும் வைக்கும். கடலிலேயே ஹைட்ரஜன் தயாரிக்க முனையும் ஜெர்மனியின் அக்வாவென்டஸ் திட்டம், வட கடலில் உள்ள ஹெலிகோலாந்துத் தீவுப் பகுதியில் 10 கிகாவாட்டை இலக்காக வைத்திருப்பதற்கு இதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அனுபவம் இன்னும் மெலிதாகவே உள்ளது. பிரான்சின் லெ குரோசிக் கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் 2023இல் மிதந்த சீல்ஹைஃப் என்ற சோதனை மேடை, 1 மெகாவாட் எலக்ட்ரோலைசரைக் கொண்டு சில மாதங்கள் மட்டுமே இயங்கியது. கடலில் ஹைட்ரஜன் உண்டாக்க முடியும் என்பதை அது காட்டியது. ஸ்டாக் மாற்றும் காலம் வரை அது ஓடவில்லை. ஆகவே தொலைதூரக் காற்றாலைகளைப் பொறுத்தவரை என் பரிந்துரையை உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். கரைக்கு அருகே உள்ளவற்றுக்கு அந்தத் தயக்கம் இல்லை.