நொடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர்: காலி அறையில் நான்காண்டு மாதிரி ரயில்

வீட்டில் யாரும் புழங்காத அறை ஒன்று இருந்தது. மூன்று மீட்டர் நீளம், இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். அதில் மாதிரி ரயில் ஓட்டத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பெட்டியைப் பிரித்த மறுநாள் எழுதப்படும் அனுபவங்கள் நிறையக் கிடைக்கின்றன. பசை காய்ந்து, தண்டவாளம் கறுத்து, முதல் ஆசை அடங்கிய பிறகு என்ன ஆகிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு அன்று தேவைப்பட்டதும் அதுதான்.

நான் எடுத்துக்கொண்டது எச்ஓ அளவு. அசலில் 87இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. உலகில் பரவலாக உள்ள 1,435 மி.மீ. பாதையை 87ஆல் வகுத்தால் இதுதான் வரும். சிறிய அறைக்கு 1:160 விகிதத்தில் வரும் 9 மி.மீ. பாதையே பொருத்தம் என்று பலர் சொன்னார்கள். இடத்தை மட்டும் பார்த்தால் அது சரியான யோசனை. ஆனால் இரண்டு வேகன்கள் கொக்கி கோத்துக்கொள்வதை வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த முடிவை நான் மாற்றிக்கொள்ளவே இல்லை.

முதல் ஆண்டில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர் ப்ளைவுட் பலகையைச் சுவர் மூலையில் ஒட்டிப் போட்டு, அதன்மேல் நீள்வட்டப் பாதை அமைத்தேன். வளைவின் ஆரம் 457 மி.மீ. அசலில் அது வெறும் 40 மீட்டர். முழு நீளப் பயணிகள் ரயில் எதுவும் அப்படி ஒரு வளைவில் திரும்பாது. 26 செ.மீ. நீளமுள்ள பெட்டிகள் அதில் போகும்போது நடுப்பகுதி உள்ளே இறங்கி, முனைகள் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அரை நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஒரு மாதம் கழிந்தபோது, ரயிலை ஓடவிட்டுவிட்டு நான் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு, தடம் புரளும் வண்டி ஒவ்வொரு முறையும் பின்மூலையில்தான் புரண்டது. 1.2 மீட்டர் தள்ளி என் கை எட்டாது. எழுபது சென்டிமீட்டருக்கு அப்பால் தண்டவாளம் போடக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்ட இடம் அந்த மூலை.

இரண்டாம் ஆண்டு அதை முழுவதும் பிரித்தேன். இரண்டு சுவர்களை ஒட்டி ‘ட’ வடிவில், 45 செ.மீ. அகலத்தில் பலகை அடித்தேன். நீண்ட கை 2.7 மீட்டர், குட்டைக் கை 1.9 மீட்டர். தரையிலிருந்து 125 செ.மீ. உயரம். நாற்காலியில் உட்கார்ந்தால் ரயில் என் கண்மட்டத்தில் இருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது பொம்மையாகத் தெரிந்த அதே இன்ஜின், கண்மட்டத்துக்கு வந்ததும் எடை கூடியதுபோல் மாறிவிட்டது. வட்டமே கிடையாது, ஒரு சிறிய சரக்கு நிலையம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். மணிக்கு 60 கி.மீ. என்ற அசல் வேகத்தை 87ஆல் வகுத்தால் நொடிக்கு 19 செ.மீ. அந்த வேகத்தில் என் 2.7 மீட்டர் 14 நொடிகளில் தீர்ந்துவிடும். வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் இன்ஜின் மனிதன் நடக்கும் வேகத்தில், மணிக்கு 5 கி.மீ. என்று போனால், மாதிரியில் நொடிக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அதே பலகையைக் கடக்க ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும். அறையைப் பெரிதாக்க முடியாத எனக்கு, வேகத்தைக் குறைப்பதன் மூலம் பன்னிரண்டு மடங்கு தூரம் கிடைத்தது. அதன் பிறகு நான் வாங்கியது, மாற்றியது, பற்றவைத்தது எல்லாமே அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்காகத்தான்.

ஏனென்றால் மெதுவாகப் போகும் இன்ஜின் எதையும் மன்னிக்காது. வேகமாக ஓடும்போது தன் உந்துதலிலேயே தாண்டிவிடும் குறைகளில் எல்லாம், ஊர்ந்து போகும்போது நின்றுவிடும். என் இன்ஜின் மூன்றாவது இணைப்பைத் தாண்டி ஒரு விரற்கடை தூரத்தில் தினமும் நின்றது. விளக்கு அணையும், விரலால் தண்டவாளத்தை லேசாக அழுத்தினால் எரியும். மோட்டாரைச் சந்தேகித்து இரண்டு வாரம் வீணாக்கினேன். குற்றம் இணைப்புத் தகட்டில் இருந்தது. தண்டவாளத் துண்டுகளைக் கோக்கும் அந்தச் சிறிய தகடு புதிதாக இருக்கும்போது மின்சாரத்தையும் நன்றாகவே கடத்தும். ஓராண்டு போனால் தளரும், உள்ளே கறை ஏறும். அதை நம்பவே கூடாது. பலகைக்கு அடியில் தடித்த இரட்டைக் கம்பியை ஓடவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியாக மெல்லிய கம்பி பற்றவைத்தேன். முப்பத்தெட்டுப் பற்றவைப்புகள். மூன்று ஆண்டுகளில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. இதை முதல் நாளே செய்யுங்கள் என்று யாரிடமும் கெஞ்சத் தயார்.

அந்த உற்சாகத்தில் ஒரு தவறும் செய்தேன். இணைப்புத் தகடுகளையும் சேர்த்து எல்லாவற்றையும் ஈயத்தால் இறுக்கிவிட்டேன். காற்றில் ஈரப்பதம் மாறும்போது மரம் சுருங்கும், விரியும். தண்டவாளமும் வெப்பத்துக்கு நீளும். ஒரு காலையில் அறையைத் திறந்தால், நேராக இருந்த பாதை நடுவில் பாம்பு நெளிந்ததுபோல் கிடந்தது. இரண்டு இடங்களில் அறுத்து, அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். தனித்தனிக் கம்பிகள் இருப்பதால் அந்த இடைவெளி மின்சாரத்தைப் பாதிக்கவில்லை.

ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குப் பிரியும் இடமான பாயிண்டுகளுக்கும் இதே கதைதான். இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் முனையை ஃபிராக் என்பார்கள். மலிவான பாயிண்டுகளில் அது பிளாஸ்டிக். நான்கு சக்கர ஷண்டிங் இன்ஜின் அதன்மேல் வந்ததும் மின்சாரம் இல்லாமல் செத்துப்போகும். ஃபிராக்குக்கும் மின்சாரம் போகும் வகைக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை அடியோடு ஒழிந்தது.

அழுக்கைப் பற்றி விரிவாகவே சொல்லலாம். தண்டவாளம் ஜெர்மன் வெள்ளியால் ஆனது. பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே எழும் கண்ணுக்குத் தெரியாத பொறிகளும், தூசியும், எண்ணெயும் சேர்ந்து ஒரு கரிய பசையாகப் படிகின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் சக்கரத்தின் ஓட்டப் பரப்பில் கறுப்பு வளையமாகத் தெரியும். வெள்ளைத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, இன்ஜினின் பாதிச் சக்கரங்களை அதன்மேல் வைத்துச் சுழல விட வேண்டும். துணியில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். கோடு வெளுக்கும்வரை துணியை நகர்த்திக்கொண்டே போகலாம். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். அது போடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு தங்குகிறது. வேகன்களின் பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகத்துக்கு மாற்றிய பிறகு, வாரம் ஒருமுறை என்றிருந்த துடைப்பு மாதம் ஒருமுறையாகக் குறைந்தது.

தொடக்கத்தில் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓட்டினேன். மூன்றாம் ஆண்டு டிசிசி என்ற டிஜிட்டல் கட்டளை முறைக்கு மாறினேன். இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். கட்டளைகளும் அதிலேயே போகும். ஒவ்வொரு இன்ஜினிலும் உள்ள டீகோடர் தனக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் இதைத் தரப்படுத்தியதால், ஒரு நிறுவனத்தின் டீகோடர் இன்னொரு நிறுவனத்தின் கருவிக்கும் கட்டுப்படுகிறது. சிறிய பலகைக்கு இது தேவையில்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. டீகோடரில் புறப்படும் மின்னழுத்தம், வேகம் ஏறும் காலம், இறங்கும் காலம் என மூன்றே எண்களை மாற்றினேன். அதுவரை வெட்டென்று துள்ளிய இன்ஜின், எடையுள்ள இயந்திரம்போல் மூச்சுப் பிடித்து நகர்ந்தது. அன்று இரவு நெடுநேரம் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஜல்லி ஒட்டுவதில் எச்சரிக்கை தேவை. நீர்த்த பசையில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டால் அது கற்களுக்கிடையே சீராக இறங்கும். அதே குணத்தால் பாயிண்டின் நாக்குக்கு அடியிலும் இறங்கி, காலையில் அதை அசைக்க முடியாதபடி செய்துவிடும். எனக்கு ஒரு பாயிண்ட் அப்படிப் போனது. மரம், செடி, கட்டடங்கள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நானும் இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

நான்காம் ஆண்டிலும் என்னை அங்கே உட்கார வைப்பது ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ் மாதிரிக் கலைஞர் வகுத்த இங்கில்நூக் புதிர். ஐந்து, மூன்று, மூன்று வேகன்கள் நிற்கக்கூடிய மூன்று கிளைப்பாதைகள். மொத்தம் எட்டு வேகன்கள். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே ரயிலைச் சேர்க்க வேண்டும். இன்ஜின் ஒரே நேரத்தில் மூன்று வேகன்களோடுதான் பின்வாங்க முடியும். வரிசைகள் மட்டும் 6,720 உண்டு. நாற்பது நிமிடம் பிடிக்கும் நாள்களும் உண்டு. கொக்கியை மெல்லிய மூங்கில் குச்சியால் கழற்றுகிறேன். காந்தக் கருவியைவிட அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது.

குட்டைக் கையில் போன மாதம்தான் புதிய கிளைப்பாதை போட்டேன். கம்பிகள் பற்றவைத்தாயிற்று, இடைவெளிகள் விட்டாயிற்று. ஜல்லியை இன்னும் கொட்டவில்லை. ஆறு மாதம் வெறும் பாதையில் வேகன்கள் போய் வரட்டும் என்று விட்டிருக்கிறேன்.