'பர்ஃபெக்ட் ப்ளூ'வா, 'வெல்கம் டு தி என்.எச்.கே.'யா?

மனக்கோளாறையும் பாலினத்தையும் அனிமே (ஜப்பானிய அசைவூட்டப் படங்கள்) எப்படிச் சித்திரிக்கிறது என்று அறிய விரும்புவோர், இவ்விரண்டில் எதை முதலில் பார்ப்பது என்று தயங்குவதுண்டு.

நேரம்: சதோஷி கோன் இயக்கிய முன்னது (1997) 81 நிமிடத் திரைப்படம், பின்னது (2006) 24 பகுதிகள் கொண்ட தொடர்.

பாலினம்: பாடகியாக இருந்து நடிகையாகும் மீமா, ரயிலிலிருந்து எந்தக் காலை முதலில் வைத்து இறங்குகிறாள் என்பதுகூடத் தான் எழுதாத இணைய நாட்குறிப்பில் தன் பெயரில் பதிவாகியிருப்பதைப் படிக்கும் காட்சி ஒன்றே, பிறர் பார்வை ஒரு பெண்ணின் 'நான்' என்பதை எப்படிப் பறிக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது. பின்னதில், அறைக்குள் முடங்கிய சாடோவை மீட்க ஓர் இளம்பெண் வருகிறாள். பல கதைகளில் தேய்ந்துபோன அச்சுதான் என்றாலும், அவளுடைய காயங்களையும் தொடர் பிற்பாடு திறந்து காட்டுகிறது.

நோய்: முன்னது மனக்கோளாறைத் திகிலுக்கான கருவியாக்கி, இறுதியில் நோயையே வில்லனாக்குகிறது, இது எனக்கு உறுத்தல்தான். பின்னதிலோ வீட்டுப் பொருட்கள் சாடோவிடம் பேசினாலும், வாடகை, வெட்கம், பெற்றோர் அனுப்பும் பணம் ஆகியவற்றோடு சேர்ந்தே முடக்கம் காட்டப்படுகிறது.

பெண்மீதான பார்வையை ஆராய்வோருக்கு முன்னது. ஹிகிகோமோரி (சமூகத்திலிருந்து விலகி வீட்டுக்குள் முடங்கியவர்) வாழ்வின் அன்றாடத்தை அறிய விரும்புவோருக்குப் பின்னது. வன்முறைக் காட்சிகளைத் தாங்க இயலாதவர்கள் முன்னதைத் தவிர்க்கலாம்; பின்னதிலும் தற்கொலை பற்றிய காட்சிகள் உண்டு.