கேள்வித்தாளா, பர்ஸா, புள்ளியா: பொறுப்பை எதைக் கொண்டு அளப்பது?

அன்றாட வாழ்க்கையில் ஒருவர் எவ்வளவு பொறுப்போடு நடக்கிறார் என்பதை அளக்க எளிய வழி, அவரையே கேட்பது. 1968-ல் பெர்கோவிட்ஸ், லட்டர்மன் என்ற இருவர் எட்டு வாக்கியங்களில் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். பொது விஷயங்களைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை என்பதுபோல ஒரு வாக்கியம், ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா? செலவே இல்லை. ஆனால் யாருக்குத்தான் தன்னைக் குறைத்துச் சொல்ல மனம் வரும்? 'ஓட்டுப் போட்டேன்' என்று கருத்தாய்வில் சொல்பவர்களின் விகிதம், பதிவான வாக்கு விகிதத்தைத் தாண்டிவிடுவது பல நாடுகளில் பார்த்ததுதான்.

எனக்கு அதிகம் பிடித்தது பர்ஸ் சோதனை. 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்கள். ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வங்கிக்கோ ஹோட்டலுக்கோ போய், "தெருவில் கிடந்தது, உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்" என்று கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். உள்ளே சாவி, உள்ளூர் மொழியில் எழுதிய மளிகைச் சீட்டு, விசிட்டிங் கார்டு, சிலவற்றில் பணம். பணமில்லாத பர்ஸுக்கு 40% பேர் உரியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். பணம் இருந்தால் அது 51% ஆனது! பணத்தைப் பார்த்தால் கை நீளும் என்ற நம் கணக்கு அங்கே பொய்த்துப்போனது. சோதனை நடப்பதே தெரியாததால் யாரும் நடிக்கவில்லை.

குறையும் உண்டு. மின்னஞ்சல் வந்ததா என்று மட்டுமே பார்த்தார்கள். பின்னர் சீனாவில் மறுபடி செய்தபோது, மின்னஞ்சல் அனுப்பாத பலரும் பர்ஸைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தது தெரிந்தது. அதோடு, இது ஊரின் குணத்தைச் சொல்லுமே தவிர, கவுண்டரில் இருந்த அந்த ஒருவரைப் பற்றி ஒரே சம்பவத்தை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.

தனிமனிதரையே அளக்கிறோம் என்று சொல்வது புள்ளி முறை. சீனாவின் ரோங்செங் நகரில் அரசு அதிகாரிகள் ஆளுக்கு 1,000 புள்ளியில் தொடங்கி, நல்லதுக்குக் கூட்டி, தப்புக்குக் கழித்தார்கள். இதை நான் ஏற்கவே மாட்டேன். அதிகாரியின் கண்ணில் படுவது மட்டும்தான் அங்கே பொறுப்பு. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பது எந்தப் பதிவேட்டில் ஏறும்?

ஊரை அறிய பர்ஸ் சோதனை. ஆளை அறிய வேண்டுமென்றால் கேள்வித்தாளே போதும், கேள்வியை மட்டும் மாற்றுங்கள். 'நீங்கள் பொறுப்பானவரா?' வேண்டாம், 'போன வாரம் குப்பையை எத்தனை நாள் பிரித்துப் போட்டீர்கள்?' என்று கேளுங்கள்.