படகு எண் ஏறிய பில்லும் ஓடிப்போகும் பேப்பரும்

பிரிண்டருக்கு ஹெட் மாற்றிக் கடைக்குக் கொண்டுவந்த அன்றுதான் எதிர்வரிசை வலைக்கடைக்காரர் கேட்டார்: “தம்பி, நீங்கள் வைத்திருக்கிற அந்த இலவச பில்லிங் மென்பொருள், இஆர்பிநெக்ஸ்ட், எப்படி? நானும் மாறலாமா?” அவரிடம் இருப்பது விண்டோஸ் 10. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறுகிற வயதில் அவருடைய கம்ப்யூட்டர் இல்லை. நியாயமான கேள்விதான், கேட்ட நேரம்தான் சரியில்லை.

காசிமேட்டில் படகுச் சாமான் வியாபாரம் செய்பவர்களுக்குத் தெரியும், இங்கே கடன் ஆளின் பெயரில் இல்லை, படகின் பெயரில்தான். ஒரே முதலாளிக்கு மூன்று படகு இருந்தால் மூன்று கணக்கு. எங்கள் பழைய பில்லிங் மென்பொருளில் பெயர், முகவரி, கைப்பேசி எண். அதற்குமேல் ஒரு கட்டம்கூடச் சேர்க்க முடியாது. கம்பெனிக்குப் போன் போட்டால் “அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் சார்” என்பார்கள். வருடச் சந்தாவை மட்டும் மறக்காமல் கேட்பார்கள்.

இஆர்பிநெக்ஸ்டில் படகுப் பதிவு எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்க்க நிரல் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து வந்த பையன் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் படகுகள் பழுதுபார்ப்பில் நிற்கும். எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. எந்தப் படகுக்கு எவ்வளவு பாக்கி என்று முதலாளிகள் கேட்ட மாத்திரத்தில் இப்போது திரையைத் திருப்பிக் காட்டுகிறேன். கல்லாவில் நான், கிடங்கில் பையன், வீட்டிலிருந்து கணக்குப்பிள்ளை என எத்தனை பேர் உள்ளே வந்தாலும் தலைக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் கிடையாது. கணக்கெல்லாம் மரியாடிபி என்ற திறந்த தரவுத்தளத்தில் இருக்கிறது. நாளைக்கு வேறிடம் போக நினைத்தால் அள்ளிக்கொண்டு போகலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஜிஎஸ்டிக்கு ‘இந்தியா கம்ப்ளையன்ஸ்’ என்ற செயலியைத் தனியாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சர்வர் வாடகையும் அந்தத் தண்டையார்பேட்டைப் பையனின் கூலியும் உண்டு. ‘இலவசம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி பேப்பருக்கு வருகிறேன். எங்களுக்கு ஒரே அடியில் மூன்று நகல் வேண்டும், அதனால் ஊசியால் தட்டி அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை விட முடியாது. பில் தமிழில் இருந்தால்தான் படகு டிரைவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். எங்கள் பிரிண்டருக்குள் இருக்கிற எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. ஆகவே பில் முழுவதும் படமாகப் போகிறது. ஹெட் வரிவரியாக உழுகிறது, கடை முழுக்கக் கிறீச் கிறீச். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் பேப்பர் அரை அளவு. கணினியோ முழுத்தாள் என்று நினைத்து ஒவ்வொரு பில்லுக்குப் பிறகும் ஒரு வெற்றுத்தாளை வெளியே தள்ளுகிறது. அளவைச் சரிசெய்து வைத்தால், அடுத்த அப்டேட்டில் பழைய குணம் திரும்பிவிடுகிறது. கேட்டால், இது பிரிண்டரை இயக்குகிற ‘டிரைவர்’ மென்பொருளின் வேலை, இல்லை பிரௌசரின் வேலை என்று பதில் வருகிறது. சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு முதலாளி இல்லையே!

நியாயத்தையும் சொல்ல வேண்டும்: பழைய மென்பொருள் தமிழில் ஒரு வரிகூட அடித்ததில்லை. ஆங்கிலத்தில் மட்டும் அடித்ததால்தான் அதற்கு அத்தனை வேகம். ஆனால் கல்லாவுக்கு முன்னால் பத்துப் பேர் நிற்கும்போது நியாயம் யாருக்கு நினைவிருக்கிறது?

“வேண்டாம் அண்ணே, இருப்பதை வைத்தே ஓட்டுங்கள்” என்று சொல்லிவிட்டேன்.

“அப்படியானால் நீங்களும் பழையதற்கே போய்விடுவீர்களா?”

“நான் எதற்குப் போகிறேன்? திருவொற்றியூர்க் கடைக்கும் அடுத்த மாதம் இதையேதான் போடப்போகிறேன்.”